ஏஞ்சல் மீன் முட்டை வெளுத்துப்போகிறதா? ஜோடியை மாற்றும் முன் விடியற்காலை வெப்பத்தைப் பாருங்கள்

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் வளர்க்கிறேன். ‘முட்டையிடும் உறுதியான ஜோடி’ என்று சொல்லி ஒரு மீன் தரகர் 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். நவம்பரிலிருந்து மூன்று முறை ஃபில்டர் குழாய்மேல் முட்டையிட்டன. மூன்று முறையும் முட்டை வெளுத்துப்போய், கடைசியில் மீன்களே தின்றுவிட்டன. 100 வாட் ஹீட்டரை 28 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஜோடி சரியில்லை, இன்னும் 1,500 கொடுத்தால் வேறு ஜோடி தருகிறேன் என்கிறார் தரகர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்த 1,500 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். அதற்கு வேறு செலவு இருக்கிறது.

மீன்கள் முட்டையைத் தின்றதை வைத்து அவற்றைக் குறை சொல்ல முடியாது. வெளுத்த முட்டை செத்த முட்டை. விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும் என்பதால் பொறுப்பான ஏஞ்சல் அதை எடுத்துவிடும். நாம் கேட்க வேண்டியது முட்டை ஏன் வெளுத்தது, எப்போது வெளுத்தது என்றுதான். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

அடுத்த முறை முட்டையிட்ட மறுநாள் மாலை, தொட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் மீன் மிரளும். கரு சேர்ந்த முட்டை லேசான தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். இரண்டாம் நாள் உள்ளே கருமை தட்டும். அப்புறம் நூலிழை அளவுக்கு ஒரு வால் துடிப்பது தெரியும். ஒரே ஒரு முட்டையில் அப்படித் தெரிந்தாலும் போதும், உங்களிடம் ஆணும் பெண்ணும் இருக்கின்றன, ஜோடியில் குறையில்லை. முதல் நாள் நன்றாக இருந்த முட்டைகள் இரண்டாம் மூன்றாம் நாளில் ஒவ்வொன்றாக வெளுத்துப் பஞ்சு படர்ந்தால், பெரும்பாலும் குளிரும் பூஞ்சையும்தான் காரணம். ஒன்றுவிடாமல் எல்லாமே முதல் நாளிலேயே பால்வெள்ளையானால், கரு சேரவே இல்லை என்று அர்த்தம்.

கரு சேராததற்கு உங்கள் தொட்டியில் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஃபில்டர் குழாய். நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் ஆண் மீன் விடும் விந்து முட்டைமேல் தங்காமல் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு கறுப்புப் பலகைக்கல் துண்டையோ, பிவிசி குழாய்த் துண்டையோ ஃபில்டரிலிருந்து தள்ளிச் சாய்த்து வையுங்கள். ஃபில்டரையும் ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டராக மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இரண்டுமே பெண்ணாக இருப்பது. இது நிறையப் பேருக்குத் தெரியாது, தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆண் இல்லாத தொட்டியில் இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து, இடத்தைச் சுத்தம் செய்து, இரண்டுமே முட்டையிட்டுக் காவலும் காக்கும். முட்டையிடும் நேரத்தில் வயிற்றடியில் ஒரு சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கியிருக்கும். ஆணுக்குச் சீவிய பென்சில் முனைபோல மெலிந்து கூராக இருக்கும். இரண்டிலும் மழுங்கலாகத் தெரிந்தால் அந்த 1,800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.

‘உறுதியான ஜோடி’ என்ற சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் எந்த மதிப்பும் கிடையாது. முட்டையைக் காட்டுவார்கள், குஞ்சைக் காட்ட மாட்டார்கள். சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பாலித்தீன் பையில் மலையேறி வரும் மீன் எந்தத் தொட்டியில் யாரோடு இருந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. ஆறு, ஏழு சின்ன ஏஞ்சல்களை ஒன்றாக வாங்கி வளர்த்து, அவையே ஜோடி சேரும்வரை காத்திருப்பதுதான் நேர்மையான வழி. எட்டுப் பத்து மாதம் ஆகும். ஆகட்டுமே.

இதே பேச்சைச் சொல்லி ப்ளட் பேரட் மீனையும் ‘ஜோடி’யாகத் தள்ளிவிடுகிறார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ப்ளட் பேரட் இயற்கையில் உள்ள மீன் அல்ல, மனிதர்கள் உருவாக்கிய கலப்பினம். அதன் ஆண்கள் பெரும்பாலும் மலடு. பெண் முட்டையிடும், இரண்டும் சேர்ந்து காக்கும், முட்டை வெளுக்கும், மறுபடி இடும், மறுபடி வெளுக்கும். வெப்பம், தண்ணீர், உணவு எதை மாற்றினாலும் பயனில்லை. பெண் பேரட்டோடு கான்விக்ட் சிக்லிட் என்ற வேறு வகை மீனின் ஆணை விட்டால் குஞ்சு பொரிப்பதுண்டு. ஆனால் அந்தக் குஞ்சுகள் ப்ளட் பேரட் ஆகாது. ‘அடுத்த முறை பொரிக்கும் சார்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க ஹீட்டர்மேல்தான். நீங்கள் சொல்லும் தொட்டியில் ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீர் இருக்கும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர் இரவில் அறைக்குள் 10, 12 டிகிரிக்கு இறங்கினால் 100 வாட் ஹீட்டரால் 28 டிகிரியைத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஹீட்டரின் திருகில் 28 என்று வைப்பதும் தண்ணீர் 28-ல் இருப்பதும் ஒன்றல்ல. தனித் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து விடியற்காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். 28 டிகிரியில் ஏஞ்சல் முட்டை சுமார் 60 மணி நேரத்தில் பொரித்துவிடும். இரவில் 23-க்கு இறங்கி ஏறினால் கரு தயங்கும், பூஞ்சை முந்திக்கொள்ளும்.

அந்த 1,500 ரூபாய் இதற்குத்தான். இன்னொரு 100 வாட் ஹீட்டர் வாங்குங்கள். ஒரே 200 வாட் வேண்டாம். இரண்டாக இருந்தால் ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் தெர்மாகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போடுங்கள்.

அப்புறம் மின்வெட்டு. பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நிறுத்துவார்கள். காற்று மழையில் மரம் விழுந்தால் எப்போது வரும் என்று கேட்டாலும் பதில் இருக்காது. நம் ஊர் வண்ண மீன் பயிற்சிகளோ சமவெளிக் குளத்தை மனதில் வைத்தே நடக்கின்றன. மலையில் வளர்ப்பவன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொட்டியைக் கம்பளியால் சுற்றி, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களை மிதக்கவிட்டு, ஆறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். ரேலியா அணைத் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ, மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, ஏஞ்சலுக்கு ஏற்றது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்துக் குளோரினைப் போக்கினால் போதும். கடைக்காரர் ‘பிஹெச் குறைக்கும்’ பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். மென்மையான தண்ணீரில் அதை ஊற்றினால் அமிலத்தன்மை ஒரேயடியாக எகிறி மீனே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் தின்றால், முட்டையிட்ட கல்லை அப்படியே எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் தொட்டியில் வையுங்கள். ஹீட்டர் ஒன்றையும் அதில் போட்டு, முட்டைகளின் பக்கத்தில் காற்றுக்குமிழி விட்டு, இளநீல நிறம் வரும்வரை மெத்திலின் புளூ என்ற பூஞ்சை தடுக்கும் நீல மருந்தைச் சில சொட்டு விடுங்கள். பெரிய தொட்டியில் அதை ஊற்றினால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். பொரித்த ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும், அதுவரை உணவு வேண்டாம்.

நீந்திய அன்றே புதிதாகப் பொரித்த ஆர்டீமியா, அதாவது உப்புநீரில் முட்டையிலிருந்து பொரிக்கும் மிகச் சிறிய இறால் வகை உயிரி, கொடுக்க வேண்டும். அதுவும் 28 டிகிரியில்தான் ஒரு நாளில் பொரிக்கும், குளிர்ந்த சமையலறை மேடையில் பொரிக்காது. உப்புநீர் பாட்டிலை மீன்தொட்டிக்குள்ளேயே வாய் மேலே நிற்கும்படி கட்டி, அதில் ஒரு ஏர் குழாய் விடுங்கள். தனி ஹீட்டர், தனிக் கருவி என்று யார் விற்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.