டெல்லில நிலம் ஆடுச்சு, ஃப்ளாட்டை வித்துடலாமா?

கேள்வி: சார், மயூர் விஹார்ல நாலாவது மாடி, பழைய சொசைட்டி ஃப்ளாட், கார்பெட் ஏரியா 900 ஸ்கொயர் ஃபீட். இப்ப 1.4 கோடிக்கு போகும், லோன் 38 லட்சம் பாக்கி. 2025 பிப்ரவரில ஆடுனதுலேருந்து வீட்டுக்காரர் வித்துட்டு எஃப்டில போடுவோம்ங்கிறார். லோன் எடுக்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சே, எதுக்கு பயம்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?

பதில்: கோச்சுக்காதீங்க மேடம், ரெண்டு பேருமே சரியில்ல.

பிப்ரவரி 17 விடிகாலை 5.36-க்கு வந்த நிலநடுக்கம் வெறும் 4.0 அளவுதான், ஆனா மையம் டெல்லிக்குள்ளயே தௌலா குவான் பக்கம், ஆழமும் 5 கிலோமீட்டர்தான், அதான் அவ்ளோ சத்தம். அதே வருஷம் ஜூலை 10 பக்கத்துல ஹரியானா ஜஜ்ஜர்ல 4.4 வந்தப்பவும் பெரிய சேதம் இல்ல. இதுக்காக வித்துட்டு டெல்லிலயே வாடகைக்குப் போனா அந்த வீடும் ஆடத்தானே செய்யும், நடுவுல வித்த லாபத்துக்கு கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ், புரோக்கர் கமிஷன்னு போறதுதான் மிச்சம்.

இப்ப உங்க இன்சூரன்ஸ். லோன் பேப்பரை எடுத்துப் பாருங்க, முக்கால்வாசி பேருக்கு அது லோன் எடுத்தவர் இறந்துட்டா கடனை அடைக்கிற பாலிசியாத்தான் இருக்கும், சுவர் விரிஞ்சா பைசா வராது. வீட்டுக்குன்னு தனியா பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரு பாலிசி இருக்கு, 2021 ஏப்ரல்லேருந்து ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிங்க விக்கிறாங்க, நிலநடுக்கம் அதுலயே அடக்கம், தனி ஆட்-ஆன் வேண்டாம். ஏஜென்ட் 1.4 கோடிக்கு போடச் சொன்னா தலையாட்டாதீங்க, அதுல பெரும்பங்கு இடத்தோட விலை, இடம் எங்கயும் போகாது. திரும்பக் கட்ட ஆகுற செலவுக்குத்தான் கவர். சும்மா ஒரு கணக்குக்கு ஸ்கொயர் ஃபீட்டுக்கு 2,500 வச்சா 22.5 லட்சம், சாமான்களுக்கு அதுல 20 சதவீதம், அதாவது 4.5 லட்சம், தானா சேரும். நகைக்கு மட்டும் தனியா கேக்கணும். வீடு இருக்க முடியாமப் போனா மாத்து வீட்டு வாடகையும் உண்டு. பிரீமியம் உங்க ஒரு மாச இஎம்ஐ கிட்டகூட வராது.

வீட்டுக்காரர் பயத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. மயூர் விஹார் யமுனைக் கரை வண்டல் மண்ணு, ஆட்டத்தைக் கூட்டிக் காட்டும், கட்டடமும் பழசு. சொசைட்டி மீட்டிங்ல பெயின்ட் அடிக்கிற பேச்சை ஓரமா வச்சுட்டு ஸ்ட்ரக்சுரல் ஆடிட்டுக்கு, அதாவது கட்டடம் உறுதியா இருக்கான்னு இன்ஜினியரை வச்சு பாக்கறதுக்கு, காசு ஒதுக்கச் சொல்லுங்க, தூண் வீக்குன்னு ரிப்போர்ட் வந்து சரி பண்ண யாரும் ஒத்துக்கலைன்னா அப்ப விக்கிறதைப் பத்தி பேசலாம். பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி இருக்கிற விரிசல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து தேதியோட உங்களுக்கே மெயில் பண்ணி வச்சுக்குங்க, நாளைக்கு க்ளெய்ம்னு போனா எது பழசு எது புதுசுங்கிறதுலதான் சண்டையே வரும்.