ஐந்து சான்றிதழ் வாங்கியும் பதவி உயர்வு இல்லை: ஆறாவதற்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 34. கடந்த மூன்று வருடத்தில் ஆன்லைனில் ஐந்து கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஒவ்வொரு அப்ரைசலிலும் 'நல்ல உழைப்பாளி' என்று எழுதுகிறார்கள். டீம் லீடர் பதவி மட்டும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குப் போகிறது. இப்போது ஒரு கேரியர் கன்சல்டன்ட், திட்ட மேலாண்மைச் சான்றிதழ் படித்தால் ஆறே மாதத்தில் மேனேஜர் வேலை உறுதி என்கிறார். கட்டணம் என் ஐந்து மாதச் சம்பளம். இடம் பிடித்துவைக்க முன்பணமும் கட்டிவிட்டேன். மீதியைக் கடன் வாங்கிக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பதவி உயர்வு ஏன் நழுவுகிறது என்று பார்ப்போம்.

ஆள் எடுக்கும் மேசையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை டீம் லீடர் தேர்வுக்கு ஒரு பெண் தடிமனான ஃபைலோடு வந்தார். ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருந்தது. எங்கள் குழுவில் ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. அடுத்து வந்தவர் ஒரே ஒரு தாளை மேசையில் வைத்தார். ஒரே புகாருக்காக மறுபடி மறுபடி அழைத்தவர்கள் மாதத்துக்கு எத்தனை பேர் என்று அதில் இரண்டு வரிசை எண்கள். ஒரு வரிசை, பதில் குறிப்புகளை அவர் திருத்தி எழுதுவதற்கு முன்பு; இன்னொன்று, எழுதிய பிறகு. நேர்காணல் முழுக்க அந்தத் தாளைப் பற்றியே பேசினோம். பதவியும் அவருக்கே போனது. முதலில் வந்த பெண் திறமையில் குறைந்தவர் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தர வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆனால் அப்ரைசல் படிவத்தைப் பாருங்கள். 'இந்த ஆண்டு முடித்த பயிற்சிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'அதனால் வேலையில் என்ன மாறியது' என்று கேட்கும் கட்டம் இருக்காது. அதைச் சேர்க்கச் சொல்லி நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று வருடம் கேட்டேன், நடக்கவில்லை. அந்தப் பயிற்சிக் கட்டத்தை நிரப்பத்தான் உங்களைப் போன்றவர்கள் ராத்திரி கண்விழித்துப் படிக்கிறீர்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இது. மேலாளரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். அப்ரைசல் மாதத்தில் கேட்காதீர்கள். அதற்குள் பெயர்களும் பட்ஜெட்டும் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். 'நான் எதில் முன்னேற வேண்டும்' என்றும் கேட்காதீர்கள். 'எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடித்துவிடுவார். இப்படிக் கேளுங்கள்: "டீம் லீடருக்கு என் பெயரை நீங்கள் சொன்னால், மேலே இருப்பவர்கள் முதலில் என்ன காரணம் சொல்லி மறுப்பார்கள்?" குறையை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் உண்மை வெளியே வந்துவிடும். புதியவர்களுக்கு வேலை கற்றுத் தந்ததில்லை என்பார், கோபமான வாடிக்கையாளரை மேலே தள்ளிவிடுகிறீர்கள் என்பார், உங்களை எடுத்தால் அந்த இருக்கைக்கு ஆளில்லை என்பார். எது வந்தாலும் அந்த ஒன்றை மட்டும் மூன்று மாதம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய நிலையை எண்ணாக எழுதிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால் பின்பு காட்ட ஒன்றும் இருக்காது.

முடித்த ஐந்து கோர்ஸில் இதற்கு உதவுவது எது என்று பாருங்கள், அதைத் தூசி தட்டுங்கள். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885-லேயே அளந்து வெளியிட்டார். ஒரு நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. பாடம் அசையைவிடக் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் கைக்கு வராத பாடம் நிற்காது.

இனி அந்தக் கன்சல்டன்ட். 'வேலை உறுதி' என்ற சொல்லைக் கேட்ட உடனே எழுந்து வந்திருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் அவர் இல்லை. பிறகு எதை உறுதி சொல்கிறார்? 'உறுதி' என்பதை விளம்பரத்தில் எழுதுவார்கள், ஒப்பந்தத்தில் அது 'உதவி' ஆகிவிடும். 'நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை' என்றால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேரைக் கணக்கில் விட்டார்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவில் புளூம்டெக் என்ற பயிற்சி நிறுவனம் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தது. உள் கணக்கு 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது, சில சமயம் 30 வரை இறங்கியது என்று 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது. 'வேலை கிடைத்த பிறகு வருமானத்தில் பங்கு தந்தால் போதும், இது கடன் இல்லை' என்று மாணவர்களிடம் சொல்லிச் செய்த ஏற்பாடும் கடன்தான் என்று அந்த அமைப்பு முடிவு செய்தது. உங்களிடமும் அதே பேச்சு வரலாம். படிப்புக்காகச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும் எதுவும் கடன்தான்.

'அப்படியானால் எந்தச் சான்றிதழுக்கும் மதிப்பில்லையா' என்று கேட்பீர்கள். உண்டு. செவிலியர், கணக்குத் தணிக்கையாளர், விமானி போன்றவர்கள் உரிமம் இல்லாமல் வேலையே செய்ய முடியாது. அவர்கள் படித்தே தீர வேண்டும், உரிமத்தைப் புதுப்பித்தே தீர வேண்டும். நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் ஒரு சான்றிதழின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? பத்து விளம்பரத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஏழெட்டில் இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு. அந்தக் கன்சல்டன்ட் சொல்வது பி.எம்.பி. (திட்ட மேலாண்மை வல்லுநர்) சான்றிதழாக இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது பயிற்சி மையம் தரும் சான்றிதழ் இல்லை, பி.எம்.ஐ. என்ற சர்வதேசத் திட்ட மேலாண்மை அமைப்பு தேர்வு வைத்துத் தருவது. பட்டதாரி என்றால், திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவம் இருந்தால்தான் தேர்வே எழுத முடியும். வாங்கிய பிறகும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொடர்பயிற்சிக்கான 60 புள்ளி சேர்த்துக் காட்ட வேண்டும். நீங்கள் இன்னும் டீம் லீடர்கூட ஆகவில்லை. 'அனுபவத்தை நாங்களே எழுதித் தருகிறோம்' என்று அவர் சொன்னால் போலீஸில் சொல்ல வேண்டிய விஷயம் அது. விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்து பி.எம்.ஐ. சரிபார்க்கும், மாட்டுவது அவர் இல்லை, நீங்கள். அதனால் படிக்க ஆசை இருந்தாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் அனுபவம், பிறகு தேர்வு, அதுவும் நடத்தும் அமைப்பின் தளத்தில் நேரடியாக.

மேலாளர் இரண்டு முறை கேட்டும் காரணம் சொல்லாமல் 'பொறுத்திருங்கள்' என்றால் வெளியே தேடுங்கள். நெருங்கிய தோழிகளிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களில் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கே அது அடிக்கடி சந்திப்பவர் மூலம் வந்திருந்தது. மற்றவர்களுக்கு, எப்போதாவது பார்ப்பவர்கள் மூலம். பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

முன்பணம்: போனில் பேசாதீர்கள். 'சேர விருப்பமில்லை, கட்டிய தொகையைத் திருப்பித் தரவும்' என்று மின்னஞ்சலில் தேதி போட்டு எழுதுங்கள், ரசீதை இணையுங்கள். கையெழுத்திட்ட தாளில் ரத்து செய்யக் கெடு இருந்தால் அதற்குள் அனுப்பிவிடுங்கள். 'இன்று ராத்திரியோடு சலுகை முடிகிறது' என்று அழைப்பு வரும், எடுக்க வேண்டாம். கடன் விண்ணப்பத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் கடன் தரும் நிறுவனத்துக்கும் தனியாக எழுதுங்கள். பயிற்சியை நிறுத்தினால் கடனும் தானாக நின்றுவிடும் என்று நினைத்துப் பலர் மாட்டியிருக்கிறார்கள். பணம் வராமல் போனாலும் போகட்டும், மீதிக் கட்டணமாவது மிஞ்சும்.