ட்ரோலா, நம்ம ஆளா? - கேள்வி பதில்

இயக்கத்தின் காரைக்குடி வட்டார வாட்ஸ்அப் குழுவையும் முகநூல் பக்கத்தையும் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். யாரை நம்புவது, யார் ட்ரோல் (இணையத்தில் வம்பு இழுக்கவே வருகிறவர்) என்று தோழர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பள்ளத்தூர் தம்பி: அண்ணே, ஒருத்தர் எதைப் போட்டாலும் குறை சொல்கிறார். நீக்கிவிடலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் பதில் சொல்லிப் பாருங்கள். அக்கறையில் கேட்டவர் பதிலைப் படிப்பார், அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்பார். வம்புக்கு வந்தவர் நீங்கள் சொன்னதைத் தொடவே மாட்டார். அதே வரியை வேறொரு பதிவின் கீழே ஒட்டிவிட்டுப் போவார்.

நம்ம சிராவயலையே எடுத்துக்கொள்ளுங்கள். வருணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை மறுத்து, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா அவருக்கே கடிதம் எழுதினார். 1927-இல் இந்தப் பக்கம் வந்த காந்தி, ஜீவாவைத் தேடி அவர் சிராவயலில் நடத்திய ஆசிரமத்துக்கே போனார். கேள்வி கேட்டவரை எதிரியாக நினைக்கவில்லை.

தேவகோட்டை தங்கச்சி: ஒருவர் நம் பக்கம் ஆவேசமாகப் பேசுகிறார். எதிர்த்தரப்பின் கூட்டத்தில் புகுந்து அடிக்க வேண்டும் என்கிறார். தீவிரத் தொண்டர்தானே?

நான் முதலில் சந்தேகப்படுவது அவரைத்தான் அம்மா.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன், அதை எதிர்த்து ஒன்றும் ஆதரித்து ஒன்றுமாக இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்றுக்கு ஆள் கூப்பிட்டது ஒரு முகநூல் பக்கம், மற்றதற்கு இன்னொரு பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே நிறுவனம் என்பது மறுவருடம் செனட் விசாரணையில் வெளிவந்தது. தெருவில் நின்றவர்களோ நிஜமான ஆதரவாளர்கள். இதுதான் எனக்குப் பயம்.

அடிதடிக்குக் கூப்பிடுகிறவரிடம், எந்த ஊர்க் கிளை, யாரோடு வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நோட்டீஸ் ஒட்டிய ஆளென்றால் கூட ஒட்டியவர் பெயராவது சொல்வார். நாளைக்கு வழக்கு வந்தால் முகம் காட்டாதவர் மேல் வராது. நம் பிள்ளைகள் மேல்தான் வரும்.

காரைக்குடி தோழர்: கணக்கை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். முகநூல் பக்கம் என்றால் தொடங்கிய தேதி, பழைய பெயர்கள், நடத்துபவர்கள் இருக்கும் நாடு எல்லாம் அதிலேயே பார்க்கலாம். சினிமாப் பக்கமாக இருந்தது தேர்தல் நேரத்தில் திடீரென்று நம் கொடியை வைத்துக்கொண்டால் உஷாராகுங்கள். ஆனால் வெளிநாடு என்பதாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். நம்ம பக்கத்துக்காரர்கள் எத்தனையோ பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். புனைபெயரும் அப்படித்தான். அரசு வேலையில் இருப்பவர் வேறு எப்படி எழுதுவார்?

கானாடுகாத்தான் அக்கா: ட்ரோல் என்று உறுதியாகிவிட்டால்?

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரே ஒரு தடவை விவரத்தோடு பதில் சொல்லுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள். பெண்களை அசிங்கமாகப் பேசினால் அந்த ஒரு பதிலும் வேண்டாம். தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் செய்யுங்கள், சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். துணைக்கு நாங்கள் வருகிறோம்.

புதுவயல் தம்பி: நல்ல ஆளை ட்ரோல் என்று திட்டி அனுப்பிவிட்டேன் அண்ணே.

இன்றைக்கே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கள். நான் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் திரும்பி வந்தார்.