அதிக லூமன் வேண்டாம், குறைந்த நிலை எவ்வளவு? அவசரகால டார்ச் கேள்வி பதில்

மின்சாரம் இல்லாத நாட்களில் நீண்ட நேரம் எரியும் எல்இடி டார்ச்சைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. சைக்கிள் விளக்கு, மேடை விளக்கு பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அது என் பக்கம் இல்லை.

மின்மினி: அவசரத்துக்கு 1000 லூமன் போதுமா, இல்லை 2000 வாங்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். லூமன் என்பது ஒரு விளக்கு வெளியே தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவர்த்தி எல்லாத் திசையிலும் சேர்த்துத் தருவது சுமார் 12 லூமன். அந்த வெளிச்சத்தில் மனிதர்கள் படித்திருக்கிறார்கள், தைத்திருக்கிறார்கள், கணக்கு எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் 1000 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் கையடக்க டார்ச்சுகள் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. சூடேறியதும் சர்க்யூட்டே குறைத்துவிடும்.

கண்ணும் நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. வெளிச்சம் இரண்டு மடங்கு ஆனதாகத் தோன்ற ஏறக்குறைய நான்கு மடங்கு லூமன் வேண்டும். அதையே திருப்பிப் போட்டால் நமக்கு லாபம்: லூமனைக் கால்வாசி ஆக்கினாலும் பாதிதான் குறைந்த மாதிரி தெரியும், பேட்டரியோ கிட்டத்தட்ட நான்கு மடங்கு நேரம் வரும். இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு 20, 30 நிமிடம் ஆகும். பழகிய பிறகு 1 லூமனே வீட்டுக்குள் நடமாடப் போதும். கைவேலை, படிப்பு என்றால் 5 முதல் 15. வெளியே போய் என்ன சத்தம் என்று பார்க்க 100 இருந்தால் தாராளம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதன் மிகக் குறைந்த வெளிச்ச நிலை எவ்வளவு?" குறைந்த நிலையே 50 லூமன் என்றால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

தாழ்வாரம்: பெட்டியில் "100 லூமன், 100 மணி நேரம்" என்று போட்டிருக்கிறது. ஒரே ஒரு ஏஏ பேட்டரிதான். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம், கணக்குப் போடுங்கள். எல்இடி, சர்க்யூட், கண்ணாடி எல்லாவற்றின் இழப்பும் போக வாட்டுக்கு 80 லூமன் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய டார்ச்சுக்கு அது நியாயமான எண். 100 லூமனுக்கு 1.25 வாட். 100 மணி நேரத்துக்கு 125 வாட்-மணி. ரீசார்ஜ் செய்ய முடியாத ஒரு ஏஏ ஆல்கலைன் பேட்டரியில் இருப்பதே சுமார் 3 வாட்-மணி.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அதுதான் வேடிக்கை. டார்ச்சுகளை அளக்க ஆன்சி எஃப்எல் 1 என்று ஒரு தர அளவுமுறை 2009இல் வந்தது. அதன்படி போட்டு 30 வினாடி கழித்து இருக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் "எரியும் நேரம்". அதாவது 100 லூமனில் தொடங்கி 10க்கு இறங்கும் வரை கடிகாரம் ஓடும். முதல் சில நிமிடங்களில் 20க்கு விழுந்து, அப்புறம் மணிக்கணக்கில் மினுமினுத்தாலும் அந்த நேரமெல்லாம் கணக்கில் சேரும். இந்தத் தரத்தைக் குறிப்பிடாத பெட்டிகளில் இன்னும் தாராளமாக எழுதுவார்கள். உங்கள் பெட்டி அந்த ரகம்.

நேர்மையான எண் வேண்டுமா? 2000 மில்லியாம்பியர்-மணி உள்ள ரீசார்ஜபிள் ஏஏ, 1.2 வோல்ட், ஆக 2.4 வாட்-மணி. 10 லூமனுக்கு 0.125 வாட். சுமார் 19 மணி நேரம். 1 லூமனில் பத்து மடங்கு வரும் என்று நினைப்பீர்கள், அவ்வளவு வராது. அந்த அளவில் சர்க்யூட் தனக்காகத் தின்னும் மின்சாரமே பெரிய பங்காகிவிடும்.

ஈரமண்: ஏஏ நல்லதா, 18650 நல்லதா?

பதில்: 18650 என்பது ரீசார்ஜ் செய்யும் லித்தியம் அயன் செல். நல்லதாக இருந்தால் ஒன்றில் 12 வாட்-மணி இருக்கும், நாலைந்து ஏஏக்குச் சமம். தினமும் பயன்படுத்துகிறவர், பவர் பேங்கோ சோலார் தகடோ வைத்திருப்பவர் அதையே வாங்கலாம். 9900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650ஐ மட்டும் தொடாதீர்கள். அந்த அளவுக் குழாயில் நல்ல தயாரிப்புகளே 3500ஐச் சுற்றித்தான் நிற்கின்றன.

அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் ஏஏ டார்ச், அதற்கு ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி. விலை அதிகம்தான். ஆனால் 20 வருடம் வரை சார்ஜ் நிற்கும், கடுங்குளிரிலும் வேலை செய்யும், ஒழுகுவதும் அரிது. இடைப்பட்டவர்களுக்கு, சார்ஜ் மெதுவாக இறங்கும் வகை நிக்கல் பேட்டரி போதும். ஆல்கலைனை மட்டும் டார்ச்சுக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள்.

வெள்ளைக்காகம்: ஆல்கலைன் போட்டு வைத்தால் என்ன ஆகும்? பெட்டியில் 10 வருடம் என்று இருக்கிறதே.

பதில்: 10 வருடம் சார்ஜ் நிற்கும் என்றுதான் அர்த்தம், ஒழுகாது என்று அல்ல. உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. செல் வயதாகும்போது ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும், மூடியின் அடைப்பு விட்டுக்கொடுக்கும், காரம் வெளியே வந்து ஸ்பிரிங்கையும் குழாயையும் அரித்துவிடும். தீர்ந்த செல்லில் இது அதிகம், நல்ல செல்லிலும் நடப்பதுண்டு. வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு வினிகர் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். செல் உள்ளேயே வீங்கிச் சிக்கிவிட்டால் டார்ச்சை மறந்துவிடுங்கள்.

புதுவாசல்: பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடலாமா?

பதில்: கூடாது. பலவீனமான செல் தீர்ந்த பிறகும் மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாக ஓட்டும், அதன் பிளஸ் மைனஸ் மாறிவிடும். ஒழுகுவதற்கு அது குறுக்கு வழி.

ஒற்றைப்பனை: எனக்கு எத்தனை லூமன் சரியாக இருக்கும்?

பதில்: முதல் பதில்.

பழைய ரேடியோ: கடைசி வரை ஒரே வெளிச்சம் தரும் சர்க்யூட் உள்ள டார்ச்சைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்கிறீர்கள். அவசரத்துக்கு அதைவிட மோசமானது கிடையாது. நன்றாக எரிந்துகொண்டே இருந்து திடீரென்று செத்துப்போகும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர் மட்டும் போட்ட பழைய மாதிரி டார்ச் மெல்ல மெல்ல மங்கும், நமக்கு முன்னறிவிப்பு கிடைக்கும், நாள்கணக்கில் ஏதோ ஒரு வெளிச்சம் மிஞ்சும்.

பதில்: பாதி சரி. மூன்று ஆல்கலைன், ஒரு ரெசிஸ்டர், ஒரு வெள்ளை எல்இடி என்றால் நீங்கள் சொல்வது நடக்கும். எல்இடிக்கு சுமார் 3 வோல்ட் வேண்டும், மூன்று செல் 4.5 தரும். செல் இறங்க இறங்க மின்னோட்டம் குறையும், குறையக் குறைய செல் இன்னும் நீடிக்கும். ஆனால் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் அந்த ரெசிஸ்டரில் சூடாகப் போகிறது. நல்ல சர்க்யூட் இழப்பது அதைவிடக் குறைவு.

அதோடு, இந்த மெல்ல மங்கும் குணம் டார்ச்சுடையது அல்ல, ஆல்கலைனுடையது. அதே டார்ச்சில் நிக்கல் ரீசார்ஜபிள் போட்டால் 1.2 வோல்ட்டை ஒட்டியே வெகுநேரம் ஓடிவிட்டு, கடைசியில் மடமடவென்று விழும். உங்கள் முன்னறிவிப்பு போச்சு. மூன்று செல் வரிசையில் இருப்பதால் முதலில் தீர்ந்த செல் தலைகீழாகி வீணாகவும் போகும்.

ஈரமண்: அப்போ ஒரே செல் டார்ச்தான் நல்லதா?

பதில்: என் கட்சி அதுதான். ஒரு செல்லின் 1.5 வோல்ட்டை எல்இடிக்கு வேண்டிய 3 ஆக உயர்த்த ஒரு சர்க்யூட் கட்டாயம், ஆனால் தலைகீழாக ஓட்ட இன்னொரு செல் இல்லை. வீட்டில் எந்தப் பொருளிலிருந்தும் ஒரு பேட்டரியை உருவிப் போட்டுவிடலாம்.

பழைய ரேடியோ: உயர்த்தும் சர்க்யூட் பழுதானால்? ரெசிஸ்டர் பழுதாகாது.

பதில்: ரெசிஸ்டர் பழுதாகாது, உண்மை. நடைமுறையில் டார்ச்சுகள் சாவது ஸ்விட்சாலும் துருவாலும்தான், இரண்டு வகையிலும் அவை உண்டு. எனக்குப் பிடித்தது நடுவழி: ஒரே வெளிச்சத்தில் ஓடி, செல் இறங்கியதும் தானாகக் கீழ்நிலைக்கு மாறும் சர்க்யூட். முன்னறிவிப்பும் கிடைக்கும், மிச்சத்தை 1 லூமனில் இழுத்தும் ஓட்டலாம்.

தாழ்வாரம்: ரெண்டு பேரும் விடுங்க சார், கூட ஒரு பேட்டரி வாங்கி வைத்தால் தீர்ந்தது.

பதில்: நியாயம்.

பழைய ரேடியோ: தீரவில்லை. ஜூல் தீஃப் சர்க்யூட் தெரியுமா? ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள். தூக்கிப் போடுகிற செல்லிலும் எல்இடி எரியும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: என்ன சொல்ல, அதுவும் உயர்த்தும் சர்க்யூட்தான்! நீங்கள் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். மோட்டார் பொம்மையும் கேமரா ஃப்ளாஷும் "தீர்ந்தது" என்று தள்ளும் ஆல்கலைனில் மின்சாரம் கணிசமாக மிஞ்சியிருக்கும். ஒற்றைச் செல் டார்ச் அதைக் குறைந்த நிலையில் நிதானமாகக் குடித்து முடிக்கும். அந்தச் செல்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். டப்பாவில், டார்ச்சுக்குள் அல்ல.

வெள்ளைக்காகம்: ரெண்டு மாசம் மட்டும் ஆல்கலைன் டார்ச்சுக்குள் இருக்கலாமா?

பதில்: எடுத்து வையுங்கள்.

இரவுப்பணி: ரீசார்ஜபிள் போட்டு வைத்த டார்ச், நான் தொடாமலே தீர்ந்துபோகிறது.

பதில்: அமுக்கினால் "டிக்" என்று சத்தம் வராத மின்னணு ஸ்விட்சாக இருக்கும். அது அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் குடிக்கும். வால் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள், தொடர்பு அறுந்துவிடும்.

குட்டிக்கடல்: சாவிக்கொத்தில் மாட்டும் பட்டன் செல் விளக்கு போதாதா?

பதில்: பெரிய டார்ச்சைத் தேடிப் பிடிக்கப் போதும். சிஆர்2032 என்ற பட்டன் செல்லில் 225 மில்லியாம்பியர்-மணி அளவுதான் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் செல் மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா பாருங்கள். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருந்து பார்க்காதீர்கள்.

ஒற்றைப்பனை: கையால் சுற்றிச் சார்ஜ் செய்யும் டார்ச்?

பதில்: உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி, சுற்றாமல் கிடந்தே சில வருடங்களில் செத்துவிடும். இரண்டாவது டார்ச்சாக வைத்துக்கொள்ளலாம், முதலாவதாக வேண்டாம்.

நடைபாதை: தண்ணீர் பட்டால்?

பதில்: நீர் தாங்கும் தரக்குறியைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். வெள்ளம் வரும் என்று பயப்படுகிறவர் 7க்குக் குறையாமல் வாங்கலாம்.

புதுவாசல்: அறை முழுக்க வெளிச்சம் வேண்டும். பெரிய டார்ச்தானே வழி?

பதில்: இல்லை. டார்ச்சை நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் அடியுங்கள், 20, 30 லூமனே அறை முழுக்கப் பரவும். கூரை கறுப்பாக இருந்தால் டார்ச் முகத்தின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைப் பிளாஸ்டிக் பையைச் சுற்றுங்கள், குறைந்த நிலையில் மட்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்றால் தலையில் மாட்டும் விளக்கே வாங்கிவிடுங்கள்.

மின்மினி: சரி சார், 1000 வேண்டாம். 500?

பதில்: குறைந்த நிலை எவ்வளவு என்று பார்த்தீர்களா?

பழைய ரேடியோ: இந்தக் கீழ்நிலைக்கு மாறும் சர்க்யூட் பற்றி இன்னும் ஒரு சந்தேகம்.

பதில்: அடுத்த முறை. நீங்கள் கட்டிய ஜூல் தீஃபையும் எடுத்து வாருங்கள், எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று சேர்ந்தே அளந்து பார்க்கலாம்.