ஒரே ஆள், இரண்டு மின்னஞ்சல்

கேள்வி: நானும் என் கூட்டாளியும் ஆளெடுத்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறோம். ஏறத்தாழ 6,000 ரெஸ்யூம்கள் மின்னஞ்சலிலும் கோப்புறைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. சென்ற மாதம் ஒரே நபரை ஒரே நிறுவனத்துக்கு இருவரும் தனித்தனியே அனுப்பிவிட்டு, தலைகுனிய வேண்டியதாயிற்று. இதற்கென மென்பொருள் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் உங்களைத் தலைகுனிய வைத்தது கோப்புகள் சிதறிக் கிடந்தது அன்று. யாரை, எங்கே, எப்போது அனுப்பினோம் என்பதற்குப் பொதுவான பதிவு இல்லாததுதான். ரெஸ்யூம்களைச் சேர்த்து வைக்கக் கோப்புறையே போதும். பணம் கொடுப்பது அந்தப் பதிவுக்காக. நீங்கள் அனுப்பிய ஆளையே வேறொரு ஏஜென்சியும் அனுப்பி, கட்டணம் யாருக்கு என்ற வழக்கு எழும்போது, தேதியும் நேரமும் பதிந்த அந்த ஒரு வரியே உங்கள் பக்கம் பேசும்.

ரெஸ்யூமைத் திறந்து பெயர், கைபேசி எண், அனுபவம் ஆகியவற்றை மென்பொருளே பிரித்தெடுத்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் இடப்பக்கம் திறன்கள், வலப்பக்கம் அனுபவம் என இரு பத்திகளாக அமைந்த பிடிஎஃப் கோப்பை அது சில வேளைகளில் குறுக்காக வாசித்து, தெரிந்த மொழியையும் வேலை பார்த்த நிறுவனத்தையும் ஒரே வரியில் கோத்துவிடும். கைபேசியில் படமெடுத்து அனுப்பிய ரெஸ்யூமில் கணினிக்குத் தெரிவது படம் மட்டுமே. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் வசதி இல்லையென்றால் அது எந்தத் தேடலிலும் அகப்படாது. ஆகவே விற்பவர் காட்டும் மாதிரிகளைப் பார்த்து மயங்காமல், உங்களிடம் உள்ளவற்றிலேயே மிக அலங்கோலமான 50 ரெஸ்யூம்களைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஒரே நபர் இருமுறை பதிவாவதைத் தடுக்கப் பெயரை நம்ப வேண்டாம். ஒருவரே முன்னெழுத்தை ஒரு ரெஸ்யூமில் முன்னாலும் அடுத்ததில் பின்னாலும் போடுவார். கைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியுமே அடையாளம். அந்த எண்ணையும் நாட்டுக் குறியீடு, இடைவெளி எல்லாம் நீக்கி ஒப்பிடும் மென்பொருளாக இருக்க வேண்டும்.

6,000 ரெஸ்யூம்களையும் முதல் நாளே ஏற்றிவிடாதீர்கள். மூன்றாண்டுக்கு முந்தைய ரெஸ்யூமில் சம்பளமும் பதவியும் மாறியிருக்கும், எண்கூட மாறியிருக்கலாம். அவரோடு மீண்டும் பேசும்போது, விவரங்களை வைத்துக்கொள்ள ஒப்புதலும் கேட்டு, அப்போது ஏற்றினால் போதும். தேவைக்கு மேல் தனிநபர் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படைகளுள் ஒன்று. அங்கே தொழில் செய்யாதவருக்கும் இது நல்ல வழக்கமே.

பணம் கட்டுமுன், உங்கள் தரவு முழுவதையும் வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பல மென்பொருள்கள் ரெஸ்யூம் கோப்புகளைத் தாராளமாகத் திருப்பித் தரும். நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளும், யாரை எங்கே அனுப்பினீர்கள் என்ற வரலாறும் அவற்றோடு வருகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.