சென்னையில் வண்டி ஓட்டுவது ஏன் இத்தனை சிரமம்? காரணம் நெரிசலா, ஓட்டுபவர்களா?

திருநெல்வேலியிலிருந்து கிண்டி அலுவலகத்துக்கு மாற்றலாகி வரவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கூடவே, ஊரிலிருந்து காரைக் கொண்டுவரலாமா, பைக் போதுமா என்றும் கேட்டிருக்கிறார். போரூரிலிருந்து கிண்டிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக, முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பைக்கிலும் பிறகு காரிலும் போய்வந்தவன் என்ற ஒரே தகுதியில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சென்னைச் சாலைகளில் சிக்கலின் ஆணிவேர் எது என்று என்னைக் கேட்டால், இரண்டு வண்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காட்டுவேன். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் ராமாபுரம் தாண்டியதும் முன்னால் போகும் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டுப் பாருங்கள். நீங்கள் அதைப் பாதுகாப்புக்காக விட்டிருப்பீர்கள். பக்கத்தில் வரும் ஆட்டோக்காரருக்கு அது யாரும் உரிமை கோராத புறம்போக்கு. அவருடைய முன்சக்கரம் ஒரு சாண் நுழைந்துவிட்டால் போதும், அந்த இடத்துக்கு அவர் பெயரில் பட்டா எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் பிரேக்கை அழுத்திப் புதிதாக ஓர் இடைவெளியை உண்டாக்கினால், அதில் ஒரு ஸ்கூட்டர் நுழையும். இப்படி நான்கு முறை இடம் கொடுத்த பிறகு, பின்னால் வருபவரின் ஹாரன் உங்களை ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர் என்று அறிவிக்கும். இரண்டு மாதங்களுக்குள் நீங்களும் முன்வண்டியின் பம்பரை ஒட்டியே ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஆகவே இதைப் பண்புக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. பொறுமையாக ஓட்டுபவர் நாள்தோறும் தண்டிக்கப்படும் ஒரு சாலையில், பொறுமையின்மை என்பது பிழைப்பதற்கான பாடமாகவே கற்றுத் தரப்படுகிறது.

இதன் விளைவை ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். நிறுத்தத்தின் முகப்பில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் வரும் மாநகரப் பேருந்தை அதன் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி ஓரங்கட்டுவதில்லை. ஓரங்கட்டினால் மறுபடியும் சாலைக்குள் வர ஒருவரும் இடம் தர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும் என்பதால், சாலையின் நடுவிலேயே, சற்றுக் கோணலாக, பின்பகுதி அடுத்த தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துகிறார். பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே அப்போது ஆறடி அகலத்தில் ஒரு சந்து உருவாகிறது. சந்து என்று ஒன்று இருந்தால் அதில் பைக் நுழையாமல் இருக்குமா? படியிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்து, மறு காலை எடுப்பதா வேண்டாமா என்று தடுமாறி, கையில் கூடையோடு கம்பியைப் பிடித்துத் தொங்கும் பெண்மணியை நான் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். அந்தப் பேருந்துக்குப் பின்னால் நூறு வண்டிகள் நிற்கின்றன. அதில் இருக்கும் ஒவ்வொருவரும் பேருந்து ஓட்டுநரைத்தான் திட்டுகிறார்கள். அவருக்கு வழிவிடாமல் இப்படி நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

சிக்னலில் நடப்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பச்சை விளக்கு எரியும்போது ஒரு தடத்தில் சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு கார் வீதம் கோட்டைக் கடக்க முடியும் என்பது போக்குவரத்துப் பொறியியலில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. முப்பது விநாடிப் பச்சையில் பதினைந்து கார்கள் போகலாம். ஆனால் குறுக்குச் சாலைக்காரர்கள், தங்கள் பச்சை முடியப் போகிறது என்று தெரிந்தும், எதிரே இடமில்லை என்று தெரிந்தும், சந்திப்பின் நடுவில் வந்து நின்றுகொள்கிறார்கள். அவர்கள் நகர்ந்து வழிவிடப் பத்து விநாடி ஆகிறது என்றால், நம் தடத்தில் ஐந்து கார்கள் அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகின்றன. அடுத்த சுற்றிலும் இதே கதை. சாலையை ஓர் அடிகூடக் குறைக்காமல் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை நாமே அழித்துவிடுகிறோம். விநாடிகளை எண்ணிக் காட்டும் மின்பலகைகள் வந்த பிறகு இன்னொரு வேடிக்கை சேர்ந்துகொண்டது: சிவப்பு முடிய நான்கு விநாடி இருக்கும்போதே இந்தப் பக்கம் ஹாரன் ஒலித்து வண்டிகள் நகரத் தொடங்குகின்றன, அந்தப் பக்கம் பச்சை முடிந்து இரண்டு விநாடி வரை வண்டிகள் பாய்ந்து வருகின்றன.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிக்னலில் பைக்குகள் எல்லாம் கார்களின் இடுக்கு வழியாக முன்னால் வந்து குவிவதைப் பலர் ஒழுங்கீனம் என்கிறார்கள். அது சாலையின் அகலத்தை நன்றாகப் பயன்படுத்தும் முறை என்றே நான் நினைக்கிறேன். தைவானில் பைக்குகள் முன்னால் நிற்பதற்கென்றே கார்களுக்கு முன்பாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இங்கு கட்டம் இல்லாததால் அவை பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடுகளின் மீது நிற்கின்றன என்பதுதான் குறை.

எதிர்த்திசையில் வருவது பற்றி எழுதும்போது என்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாக வேண்டும். பைக் ஓட்டிய காலத்தில், நந்தம்பாக்கம் அருகே ஒரு கடைக்குப் போக நான் முன்னால் சென்று, யூ டர்ன் எடுத்துத் திரும்பி வர வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் போனால் இருநூறு மீட்டர்தான். சாலையோரமாக, விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் போகிறேன் என்ற சமாதானத்தோடு பல மாதங்கள் அப்படியே போய்வந்தேன். ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, பால் பாக்கெட் பையோடு ஒரு பெரியவர் நடைபாதையிலிருந்து இறங்கினார். வண்டிகள் வர வேண்டிய வலப்பக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, என் சக்கரத்துக்கு நேராக ஓர் அடி எடுத்து வைத்தார். இடித்துவிடவில்லை, கைப்பிடி பையில் பட்டு ஒரு பாக்கெட் கிழிந்து அவர் வேட்டியில் பால் வழிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “இந்தப் பக்கத்துலேர்ந்து வண்டி வரும்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்?” என்று, உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்பவர் போலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்று சென்னைக்காரர் எவரும் ஒருவழிச் சாலையைக்கூட இரு பக்கமும் பார்க்காமல் கடப்பதில்லை. ஆக, அந்தப் பெரியவர் தலைமுறையினர் நம்பிக்கொண்டிருந்த விதியை நாங்கள்தான் ஒருவர் பின் ஒருவராக அழித்தோம்.

சரி, சட்டமும் காவல்துறையும் என்ன செய்கின்றன என்று கேட்பீர்கள். என் உரிமத் தேர்விலிருந்தே தொடங்குகிறேன். எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் வாங்கி முப்பது நாள் கழித்துப் போனேன், காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், போட்டேன், உரிமம் வந்தது. பிற்பாடு கார் பழக்கிய பயிற்சியாளர், “ஹாரன் அடிச்சுக்கிட்டே போங்க சார், அவங்களே ஒதுங்கிப்பாங்க” என்பதையே முதல் பாடமாகச் சொன்னார். கிளைச் சாலையிலிருந்து முதன்மைச் சாலையில் எப்படி இணைவது, முன்வண்டியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போவது, நடந்து செல்பவருக்கு எங்கே நிற்க வேண்டும் ஆகிய எதையும் என்னிடம் ஒருவரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இவை எல்லாவற்றையும் விளக்கும் ஓட்டுதல் விதிமுறைகள் 2017ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டவை என்பது வண்டி ஓட்டுபவர்களில் நூற்றில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு வியப்புதான்.

சாலையோரச் சோதனையும் இதே தன்மையுடையது. தலைக்கவசம் உள்ளதா, காப்பீடு உள்ளதா என்று நிற்கும் வண்டியைச் சோதிப்பது எளிது; ஓடும் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது கடினம். எனவே எளிதானது ஓரளவு நடந்தது, கடினமானது நின்றுவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவித்தபோது கடைகளில் வரிசையில் நின்று வாங்கினோம். சில வாரங்களில் அது பெட்ரோல் டேங்க் மீதும் முழங்கையிலும் இடம்பிடித்து, சிக்னலில் வெள்ளைச் சட்டை தெரியும்போது மட்டும் தலைக்கு ஏறியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உயர்த்திய அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, தலைக்கவசம் இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் என்றான பிறகு ஓட்டுபவரின் தலையில் அது பெரும்பாலும் தங்கிவிட்டது. கண்காணிப்பு இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த ஊர் மாறுகிறது என்பதற்கு இதுவே சாட்சி. கேமரா இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்த சிக்னலில் நிறுத்தக்கோட்டுக்குப் பின்னால் அழகாக நிற்பவர்கள், அடுத்த சிக்னலில் கோட்டைத் தாண்டி நிற்பதையும் தினமும் பார்க்கிறேன். ஒரே மனிதர், ஒரே காலை, நடுவே அரை கிலோமீட்டர்.

சாலைகள் போதவில்லை என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. இரண்டாம் கட்ட மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் தடங்களுக்காக ஆற்காடு சாலை, மவுண்ட் பூந்தமல்லி சாலை, ஓ.எம்.ஆர். ஆகியவற்றின் நடுப்பகுதியைத் தகரத் தடுப்புகள் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டன. எஞ்சிய அகலத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றால் அவ்வளவுதான். ஆனால் மேம்பாலங்கள் மட்டும் தீர்வு தந்துவிடும் என்றால், 1973இல் அண்ணா மேம்பாலம் திறந்ததிலிருந்து இன்றுவரை கட்டிய அத்தனை பாலங்களும் தந்திருக்க வேண்டும். 2008இல் திறந்த கத்திப்பாரா, இலை வடிவில் வானிலிருந்து பார்க்க அத்தனை அழகு. அதன் வளைவுகளிலோ, வந்து சேரும் வண்டிகளும் பிரிந்து இறங்கும் வண்டிகளும் சிறு தூரத்துக்குள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து தடம் மாற வேண்டும். ஒருவர் விட்டு ஒருவர் போனால் ஓடும் வடிவம் அது. நாம் அங்கும் பட்டா போடுகிறோம்.

விட்டுக்கொடுக்கத் தெரியாத ஊரும் அல்ல இது. மாலை ஆறு மணிக்கு, நகர இடமே இல்லாத நெரிசலில் 108 ஆம்புலன்சின் ஒலி கேட்டதும், அதுவரை ஓர் அங்குலம் தராத கார்கள் நடைபாதை விளிம்பில் ஏறி நிற்பதையும், முன்பின் தெரியாத இளைஞர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி வழி ஏற்படுத்துவதையும் பலமுறை கண்டு நெகிழ்ந்திருக்கிறேன். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்ற பிரிவு வருவதற்கு முன்பும் இப்படித்தான் விட்டார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் இங்கு வழி கிடைக்கிறது. அந்த ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு பைக்குகள் பறக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் கார் விஷயம். பைக்கை மட்டும் நம்பி வர வேண்டாம். 2022ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படி நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள், அதாவது 64,105, தமிழ்நாட்டில்தான் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் சாலையில் உயிரிழந்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். காரைக் கொண்டுவாருங்கள், ஆனால் அலுவலகத்துக்கு எடுக்காமல் இருக்கும்படி வீட்டைத் தேடுங்கள். கிண்டியில் மின்சார ரயிலும் மெட்ரோவும் இரண்டும் நிற்கின்றன. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பார்த்தால் மின்சார ரயில். அசோக் நகர், வடபழனி பக்கம் என்றால் ஆலந்தூரில் ஒரு முறை மாறி மெட்ரோ. வாடகை இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை. நான் இதைச் செய்யாமல் போரூரில் வீடு வாங்கியவன்.

காரை எடுக்கும் நாட்களில் பச்சை விழுந்ததும் கிளம்பாமல் இரு பக்கமும் ஒருமுறை பாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள். “வூட்ல சொல்ட்டு வந்தியா” என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பொங்கலுக்கு முந்தைய மாலையில் காரில் ஊருக்குக் கிளம்பும் எண்ணம் மட்டும் அறவே வேண்டாம். தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூரைக் கடப்பதற்குள் பாதிப் பொங்கல் முடிந்துவிடும். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு தொடங்கும் நாளில் காலை எட்டு மணிக்கே கைபேசியோடு உட்கார்ந்துவிடுங்கள். எட்டு ஐந்துக்கு உட்கார்ந்தால் காத்திருப்போர் பட்டியல்தான்.