இந்திய விமானப்படை நாளை ஏன் அக்டோபர் 8-இல் கொண்டாடுகிறார்கள்?

போர் வெற்றி எதையும் நினைவுகூரும் நாள் இல்லை இது. பிரிட்டிஷ் ஆட்சியில், 1932 அக்டோபர் 8-இல்தான் இப்படை முறைப்படி நிறுவப்பட்டது. ஆனால் முதல் விமானப் பிரிவு உடனே வந்துவிடவில்லை. 1933 ஏப்ரல் 1-இல்தான் கராச்சியின் டிரிக் ரோட்டில், நான்கே நான்கு வபிட்டி விமானங்களோடு அது தொடங்கியது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த பழைய ரகம் அது. படை முதலில் சிறகு விரித்த அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருப்பது, பிரிவினையின் விசித்திரங்களில் ஒன்று.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் காட்டிய திறமைக்காக 1945-இல் 'ராயல்' என்ற அடைமொழி கிடைத்தது. 1950-இல் நாடு குடியரசானதும் அது போய்விட்டது. அப்புறம், 2023-ஆம் ஆண்டு விழாவில் பிரயாக்ராஜில் புதிய கொடியும் அறிமுகமானது.